பன்னிரண்டே முக்காலுக்கு விழுகிறவர்கள்

சுனிதா மேஜைமேல் விரித்து வைத்திருந்த தாளில் பதினான்கு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் இரண்டாவது மாடி வார்டில் ஒரு நோயாளி கீழே விழுந்த நேரம். ஏழு மாதத்தில் பதினான்கு பேர். நாள் முழுக்கப் பரவிக் கிடக்க வேண்டிய புள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றே காலுக்கும் நடுவில் ஈ மொய்த்த மாதிரி குவிந்திருந்தன.

வார்டில் வெளிச்சம் அதிகமாக இருக்கும் நேரம் அதுதான். நர்ஸுகள் ஆறு பேரும் இருப்பார்கள். காலையில் துடைத்த தரை எப்போதோ காய்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சிவப்புப் பொத்தான் வைத்த அழைப்பு மணி தொங்கும். அழுத்தினால் முப்பது எண்ணுவதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். விழுந்த பதினொரு பேரில் ஒருவர்கூட அதை அழுத்தியிருக்கவில்லை.

ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

சுனிதா அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக நர்ஸ். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி அது. ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். ரகுராம் என்பவர் தன் அப்பா சுந்தரேசனின் பெயரில் அங்கே ஓர் ஆய்வு நிதி வைத்திருந்தார். நோயாளிகளின் கவனிப்பு நேரடியாக மேம்படும்படியான ஓர் ஆய்வுக்கு ஆண்டுதோறும் அதிலிருந்து பணம் கிடைக்கும். முதல் ஐந்து வருடமும் அது டாக்டர்களுக்கே போயிற்று. விண்ணப்பத்தில் ஆய்வாளர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். ஆறாம் வருடம் சுனிதா அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'சுனிதா, ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கே கிடைத்தது.

அந்தப் பணத்தில் அவள் முதலில் வாங்கியது முப்பத்திரண்டு சுவர்க் கடிகாரங்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. ஒருவர் விழுந்தால் நர்ஸ் ஒரு படிவம் எழுத வேண்டும். ஓட்டம் ஓய்ந்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் அதை எழுத முடியும். விழுந்த நேரத்தை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், பழைய படிவங்கள் எல்லாமே 'சுமார் இரண்டு மணி' என்றன. ஷிஃப்ட் மாறும் குழப்பத்தில்தான் விழுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முழுவதும் நம்பியது. பழியும் நர்ஸுகள் மேலேயே விழுந்தது. சுனிதா ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு கடிகாரம் மாட்டி ஒரே ஒரு விதி வைத்தாள். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்த கையோடு அந்தக் கடிகாரத்தின் பேட்டரியை உருவிவிட வேண்டும். கடிகாரம் நின்ற நேரமே விழுந்த நேரம். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டு மணி என்பது இப்படித்தான் பன்னிரண்டே முக்காலாக மாறியது. நர்ஸுகள் மேலிருந்த பழி போயிற்று. அதன் இடத்தில் புதிர் வந்து உட்கார்ந்தது.

"சுனிதா, எனக்குக் காரணம் வேணும். புள்ளி வேணாம்" என்றார் டாக்டர் ஃபாத்திமா. ஆய்வுப் பிரிவின் தலைவர் அவர்தான்.

"புள்ளிதான் மேடம் காரணத்துக்கு வழி காட்டும்."

"அரே, அப்ப சீக்கிரம் காட்டச் சொல்லும்மா. மார்ச் இருபத்தெட்டு ரெவ்யூ. ரகுராம் சாரே வர்றாரு. சுந்தரமூர்த்தி அதுக்குள்ள கம்பிக்குக் கொட்டேஷன் வாங்கி வெச்சிட்டாரு."

சுந்தரமூர்த்தி நிர்வாக அதிகாரி. காரணம் கிடைக்காவிட்டால் முப்பத்திரண்டு கட்டிலுக்கும் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட தடுப்புக் கம்பி வைத்துவிடலாம் என்பது அவர் முடிவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சுனிதாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் அவள் பார்த்திருக்கிறாள். பாத்ரூம் போயே ஆக வேண்டிய மனிதர் கம்பி இருக்கிறதே என்று படுத்திருக்க மாட்டார், ஏறிக் குதிப்பார். கட்டிலிலிருந்து விழுந்தால் இரண்டடி. கம்பிமேலிருந்து விழுந்தால் நாலடி, அதுவும் தலைகுப்புற. விழுவது குறையாது, விழும் உயரம்தான் கூடும். இன்னும் ஐந்து வாரத்தில் அவள் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவளுடைய வார்டில் அந்தக் கம்பிகள் ஏறிவிடும்.

நிதியில் மிச்சமிருந்த பணத்தில் ஒவ்வொரு மணியிலும் ஒரு சின்ன எண்ணும் கருவி பொருத்தியிருந்தாள். பொத்தானை எத்தனை தடவை, எப்போது அழுத்தினார்கள் என்று அது சொல்லும். அன்று மாலை அந்தக் கணக்கை எடுத்துப் புள்ளித் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது.

இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு வரையிலான கட்டில்களில் துணைக்கு யாரும் இல்லாதவர்களைப் போடுவது வழக்கம். முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள், ஊர் விட்டு ஊர் வந்து தனியாக வேலை செய்கிறவர்கள். அந்த நான்கு மணிகளும் நாள் முழுக்க ஒரே சீராக அடித்தன. மற்ற இருபத்தெட்டு மணிகளும் பன்னிரண்டரைக்கு மேல் வாயை மூடிக்கொண்டன. ஒன்றரைக்குத்தான் திரும்ப வாயைத் திறந்தன.

இன்னொன்றையும் கவனித்தாள். அந்த நான்கு கட்டில்களில் ஒரு புள்ளிகூட இல்லை. கூட ஆள் இருப்பவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள்.

மறுநாள் பன்னிரண்டு ஐம்பதுக்கு இருபத்திரண்டாம் கட்டிலருகே தொப்பென்று ஒரு சத்தம். பதினைந்தாவது புள்ளி. ஜீவனஹள்ளி லட்சுமம்மா. முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். நல்ல வேளையாகத் தலையணை முதலில் விழுந்து அவர் அதன்மேல் விழுந்திருந்தார். மணிக்கட்டில் வீக்கம் மட்டும். சுனிதா அவரைத் தூக்கி உட்கார வைத்தாள், பேட்டரியை உருவினாள், ஐஸ் பையை மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள்.

"ஏம்மா, மணி கைக்கெட்டுற தூரத்துல தொங்குது. ஒரு தட்டு தட்டியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"உன்னை எதுக்குக் கண்ணு தொந்தரவு பண்றது? எங்க வீணா இருக்காளே."

"எங்க இருக்கா?"

"இதோ வந்துட்டேன் அத்தைன்னு போனா. எம் பையன் ராகேஷு ஊட்டா டப்பா எடுத்துக்கினு வர்றான், அஞ்சே நிமிஷம்னா. நானும் பாத்தேன், பாத்தேன், பாத்துக்கினே கெடந்தேன். எவ்ளோ நேரம்தான் அடக்கறது? மருமக தூக்கிப் போறதே கூச்சமா இருக்குது. இதுல ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கூப்புடணுமா?"

சுனிதாவின் கை ஐஸ் பையோடு அப்படியே நின்றது. யாரும் இல்லாதவர் மணியை அழுத்துகிறார். யாரோ இருப்பவர், அந்த யாரோ வருவார் என்று காத்திருக்கிறார். ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதற்குள் எதற்கு மணி? காத்திருந்து காத்திருந்து, இனி முடியாது என்கிற கட்டத்தில் தானே எழுந்துவிடுகிறார்.

அந்த நேரத்தில்தான் அந்த அவசரம் ஏன் வருகிறது என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. காலை எட்டு மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை. அதில் சிலவகை உடம்பிலிருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும். பதினொரு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சி. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டே முக்காலுக்குக் கதவைத் தட்டும். நாள் கணக்கில் படுத்தே கிடந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கும். தலைக்கு அது திரும்பி ஏற அரை நிமிடமாவது பிடிக்கும். அந்த அரை நிமிடத்தில்தான் கண் இருட்டிக்கொண்டு விழுவது. உட்கார வைத்து, மெதுவாக நிற்க வைத்து, தோளைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். அந்த ஆள்தான் இல்லை. எங்கே போகிறார்?

வீணா மூச்சு வாங்க ஓடி வந்தாள். மாமியாரின் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குப் பின்னால் டிபன் கேரியரோடு ராகேஷ்.

"பாஸ் மாத்தப் போனேன் சிஸ்டர்."

"அது அஞ்சு நிமிஷ வேலைதானே வீணா?"

வீணா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க எப்பவாச்சும் அந்த கேட்ல நின்னு பாத்திருக்கீங்களா சிஸ்டர்?"

சுனிதா நின்றதில்லை. பதினோரு வருடமாக ஊழியர்களின் வாசல் வழியாக, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டபடி, நேராக உள்ளே வந்து போகிறவள் அவள். படிவம், கடிகாரம், எண்ணும் கருவி, செருப்பு, தரை, மாத்திரை எல்லாவற்றையும் அளந்தாயிற்று. அத்தனையும் இரண்டாவது மாடிக்குள்ளேயே. கேட்டை அவள் அளக்கவே இல்லை.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. வீட்டில் தக்காளி பாத் செய்து கேரியரில் அடைத்து, சுடிதார் போட்டுக்கொண்டு, பன்னிரண்டரைக்கு நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் வரிசையில் போய் நின்றாள். ராகேஷின் இடத்தில் அவள். வீணா மேலிருந்து வழக்கம்போல இறங்கி வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் லட்சுமம்மா பக்கத்தில் ஒரு நர்ஸை உட்கார வைத்திருந்தாள்.

கேட்டில் காவலுக்கு வெங்கடசாமி. தொம்மலூர்க்காரர். பதினைந்து வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

"சிஸ்டர், ஸ்டாஃப் கேட் அந்தாண்ட. வெயில் தலைக்கு ஏறிக்கிச்சா?"

"இன்னிக்கு நான் ஸ்டாஃப் இல்லண்ணா. இருபத்திரண்டாம் பெட்டுக்குச் சாப்பாடு."

"பாஸ் எங்க?"

"மேலேருந்து வருது."

"அப்ப ஓரமா நில்லு தாயி. மந்திரி மாமியாரா இருந்தாலும் பாஸ் வந்தாதான் உள்ள. டப்பால என்ன?"

"தக்காளி பாத்."

"அதுக்கு மட்டும் பாஸ் வேணாம். இப்படிக் குடு."

வரிசையே சிரித்தது. சுனிதா கேரியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியின் பாஸ் முறை இதுதான். கட்டிலுக்கு ஒரே ஒரு ஆரஞ்சு அட்டை. அது கையில் இருப்பவர்தான் உள்ளே இருக்கலாம். இரவு முழுக்கக் கூட இருந்தவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அட்டையைக் கீழே கொண்டு வந்து, வெளியே நிற்பவரிடம் கொடுப்பார். வாங்கியவர் உள்ளே போவார், கொடுத்தவர் வீட்டுக்குப் போவார். காகிதத்தில் பார்த்தால் ஐந்து நிமிடம்தான்.

வீணா கட்டிலை விட்டுக் கிளம்பியது பன்னிரண்டு முப்பத்தெட்டு. அந்த நேரத்தில் லிஃப்டில் சாப்பாட்டு வண்டிகள்தான் ஏறி இறங்கும். படியில் இறங்கினாள். படியிலும் கூட்டம். கேட்டுக்கு வர ஆறு நிமிடம். முண்டியடித்து அட்டையைக் கை மாற்ற மூன்று. அதற்குப் பிறகு சுனிதா பை சோதிக்கும் வரிசையில் நின்றாள். வெங்கடசாமி கேரியரின் ஒவ்வொரு தட்டையும் திறந்து பார்த்தார், அது விதி. பிறகு படி. இருபத்திரண்டாம் கட்டிலைத் தொட்டபோது மணி ஒன்று அடித்து ஒரு நிமிடம்.

இருபத்து மூன்று நிமிடம். இத்தனைக்கும் அன்று யாருக்கும் பஸ் தாமதமாகவில்லை.

அதைவிட இன்னொன்றுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டில் நின்றபோது அவள் தலைகளை எண்ணியிருந்தாள். கீழே இறங்கி வந்து அட்டையோடு காத்திருந்தவர்களில் அவளுடைய வார்டுக்காரர்கள் மட்டும் பத்தொன்பது பேர். பத்தொன்பது கட்டில்களின் துணை ஒரே நேரத்தில் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. வார்டில் கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அவரவருக்கு வேண்டிய ஆள் மட்டும் அங்கே இல்லை.

அவள் திரும்பக் கீழே இறங்கி வந்தாள். கூட்டம் வடிந்திருந்தது. கேரியரை வெங்கடசாமியின் மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

"அண்ணா, ரெண்டு பேரையும் ஒரு அரைமணி நேரம் உள்ள விட்டா என்ன?"

"நல்லா விடுவே." வெங்கடசாமி தக்காளி பாத்தை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். "முன்ன அப்படித்தான் இருந்துச்சு. ஏறினவன் ஒருத்தனும் எறங்கல. சாயந்திரத்துக்குள்ள உங்க வார்டு கல்யாண மண்டபம் ஆயிடுச்சு. குழந்தைங்க கட்டிலுக்கு அடியில வெளையாடுதுங்க. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கத்தினாரு பாரு, எனக்கு இன்னும் காது கேக்குது. அதுக்கப்புறம்தான் இந்த ஒத்தப் பாஸு."

"அப்ப ஒருத்தர் இறங்கினாதான் இன்னொருத்தர் ஏறணுமா?"

வெங்கடசாமி மெல்லுவதை நிறுத்தினார். யோசித்தார். "அப்படி ஒண்ணும் அவசியம் இல்லம்மா. ஏறினதுக்கு பதிலா ஒருத்தன் எறங்கினானா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். முன்ன ஏறட்டும், பின்ன எறங்கட்டும். கணக்கு சரியா வரணும், அவ்ளோதான்."

சுனிதா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிறகு மேஜையில் கிடந்த வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் படம் போட ஆரம்பித்தாள். ஆரஞ்சு அட்டை மேலே, கட்டிலோடு. கேட்டில் வேறு நிறத்தில் ஒன்று. வெங்கடசாமி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி ஒரு பலகை வரைந்தார். பலகையில் முப்பத்திரண்டு ஆணி, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை அட்டை. "வர்றவனுக்கு ஆணியிலேருந்து எடுத்துக் குடுப்பேன். போறவன் திருப்பி மாட்டணும். அரைமணிக்கு மேல ஆணி காலியா இருந்தா நான் உன் வார்டுக்கு போன் போடுவேன். எந்த பெட்டுன்னு ஆணியே சொல்லும்."

சுந்தரமூர்த்தி சோதனைக்கு அனுமதி கொடுத்தபோது முகத்தில் மலர்ச்சி ஏதும் இல்லை. "ரெவ்யூ வரைக்கும்தான். அன்னிக்கு நான் கம்பிக்கு ஆர்டர் கையெழுத்து போடுவேன்" என்றார். மூன்று வாரம் இருந்தது.

முதல் இரண்டு நாள் சந்தை மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில் பாதிப் பேர் ஆரஞ்சு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். மூன்றாம் நாள் சுனிதா முப்பத்திரண்டு சின்னச் சங்கிலிகள் வாங்கி, அட்டைகளைக் கட்டிலின் கால்மாட்டில் கட்டிவிட்டாள். கழற்ற முடியாத பொருளை யாரும் மறந்து எடுத்துப்போக முடியாது. ஐந்தாம் நாளிலிருந்து கேட் முன்னால் கூட்டம் சேரவில்லை. நான்காவது கட்டில் ஆணி ஒருமுறை காலியாகவே இருந்தது. வெங்கடசாமி போன் போட்டார். இரண்டு மச்சான்கள் கிரிக்கெட் பேசியபடி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் அசடு வழிய இறங்கிப் போனார்.

மார்ச் இருபத்தெட்டு. கூட்ட அறையில் டாக்டர் ஃபாத்திமா, கம்பி ஆர்டரை முன்னால் வைத்துக்கொண்டு சுந்தரமூர்த்தி, ஓரமாக ரகுராம். சுனிதா புள்ளித் தாளைத் திரையில் காட்டினாள். கடிகாரம், மணி, கேட், இருபத்து மூன்று நிமிடம், பத்தொன்பது பேர் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். பிறகு சொன்னாள்.

"புது முறை வந்து மூணு வாரம். அந்த நேரத்துல யாரும் விழல. ஆனா மூணு வாரம் பத்தாது சார். முன்னாடியும் ஒரு தடவை மூணு வாரம் யாரும் விழாம இருந்திருக்கு. இது தற்செயலா இல்லையான்னு சொல்ல இன்னும் பத்து வாரம் வேணும்."

"பத்து வாரத்துல இன்னும் நாலு பேர் விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் சுந்தரமூர்த்தி.

"விழுந்தா நீங்க கம்பி போடுங்க சார். நானே வந்து பிடிச்சுக்கறேன்."

டாக்டர் ஃபாத்திமா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ரகுராம் திரையில் இருந்த கேட் படத்தைக் காட்டினார்.

"அங்க நின்னவா மேல தப்பு இல்லேங்கறீங்களா சிஸ்டர்?"

"தப்பே இல்ல சார். அவங்க ரூல்படிதான் செஞ்சாங்க. ரூல்தான் அவங்களைக் கட்டில்லேருந்து இழுத்துச்சு."

ரகுராம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா வேற ஆஸ்பத்திரியில விழுந்தார். மத்தியானம்தான். நான் டிபன் கேரியரோட கேட்ல நின்னுண்டிருந்தேன். அம்மா பாஸ் குடுக்க எறங்கி வந்தா. எட்டு வருஷமா, நான் ஏன் அவரை விட்டுட்டு வந்தேன்னு அவ தன்னையே கேட்டுக்காத நாள் இல்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பத்து வாரம் எடுத்துக்கோங்கோ. இந்தத் தாள்ல ஒண்ணு எனக்குக் குடுங்கோ. எங்கம்மா சுப்புலக்ஷ்மிகிட்ட இன்னிக்கே காட்டணும்."

கம்பி ஆர்டர் கையெழுத்தாகாமலே கோப்புக்குள் திரும்பிப் போயிற்று.

ஜூன் முதல் வாரத்தில் பத்து வாரமும் முடிந்தது. மொத்தம் பதின்மூன்று வாரத்தில் வார்டில் விழுந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் விடியற்காலையில். அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அதைத்தான் சுனிதா அடுத்ததாகத் தேடப்போகிறாள். பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றே காலுக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தத் தாளை அவள் சுவரில் ஒட்டியபோது, வெறுமையாக இருந்த அந்த இடத்தை நர்ஸுகள் ஆறு பேரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆய்வு அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. சுனிதா, ஸ்டாஃப் நர்ஸ். வெங்கடசாமி, வாயில் காவலர். வெங்கடசாமி அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஒரு வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "ஆராய்ச்சி பண்ணினோம்ப்பா, சும்னேயா, சும்மாவா?" என்றார். அந்த வருடம் அச்சான புது விண்ணப்பத்தில் ஆய்வாளர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லை. யாரும் கோடு போட்டு அடிக்கத் தேவையில்லாதபடி அந்த இடம் காலியாக இருந்தது.

ஜூலையில் ஆஸ்பத்திரியின் நான்கு மாடிகளுக்கும் அதே முறை வந்தது. கேட்டில் இப்போது பெரிய பலகை, நூற்றிருபது ஆணிகள். பலகைக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தமிழில் இப்படி இருக்கிறது:

வருகிறவர் இங்கே பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். அவர் கட்டிலருகே வந்து நின்ற பிறகுதான், கூட இருந்தவர் எழுந்திருக்க வேண்டும். கிளம்புகிறவர் அதே பச்சை அட்டையை இங்கே மாட்டிவிட்டு வெளியே போக வேண்டும். ஆரஞ்சு அட்டை கட்டிலை விட்டு நகராது.